நாற்பது முருகா தூரம்

எண்பத்து நாலாம் வருடத்து வைகாசி மழையில் அழகம்மாவின் படங்கு கிழிந்துபோயிற்று. கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் தார்த்துணி அது. அது இல்லாவிட்டால் தேயிலைச் செடியின் நனைந்த கிளைகள் சேலையைத் தாண்டித் தொடையைக் கீறிவிடும். இரண்டு நாள் அவள் உரச்சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். மூன்றாம் நாள் மடுவக் கொட்டகையில் கொழுந்தை நிறுத்துக் கொட்டிவிட்டு, தன் வெறும் சாக்கை எடுத்து உதறினாள். உள்ளேயிருந்து நான்காக மடித்த புதுப் படங்கு ஒன்று விழுந்தது. ஓரத்தை மடித்துத் தைத்து, கட்டுவதற்குக் கயிறும் கோத்திருந்தது. வைத்தது யார் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, கழித்துப்போட்ட பழைய லொறிப் படங்கு ஒன்று மடுவத்துக் கூரையில் தொங்குவதைப் பார்த்தாள். அதன் நல்ல மூலை கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. கொழுந்து லொறி டிரைவர் நல்லமுத்து பக்கத்தில் குந்தியிருந்து, ஒன்றும் பழுதில்லாத டயரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தையில் அவரையே அவள் கட்டிக்கொண்டாள். அந்தக் கதையை அவள் கொழுந்து பறிக்கும் நிரையில் நின்று பெருமையாகச் சொன்னால், பக்கத்து நிரைப் பேச்சியம்மா விட்டுவைக்கமாட்டாள்.

"அடியே, அந்தப் படங்குல எனக்கும்தான் ஒரு துண்டு வச்சாரு. ராசம்மாவுக்கும் வச்சாரு. நாங்க கட்டிக்கிட்டு வேலைக்குப் போனோம். நீ ஒருத்திதான் வச்ச ஆளையே கட்டிக்கிட்ட."

அழகம்மாவுக்கு அதில் கோபமே வந்ததில்லை. தனக்கு மட்டும் வைத்தார் என்பதைவிட மூன்று பேருக்கும் வைத்தார் என்பதுதான் அவளுக்குப் பிடித்தது.

நல்லமுத்து றொசல்லைக்கு மேலே இருக்கும் தோட்டத்தில், மேல் பிரிவு லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினைந்து வயதில் லொறியில் கிளீனர், இருபத்து நாலில் டிரைவர். மேல் பிரிவிலிருந்து, ஸ்டோர் என்று தோட்டத்தார் சொல்லும் தேயிலை ஆலைக்கு நாலு மைல். இருபத்து மூன்று வளைவு. பனி இறங்கிவிட்டால் லொறியின் மூக்கே கண்ணுக்குத் தெரியாது. அப்போது அவர் ஒரே வேகத்தில் வண்டியை விட்டுக்கொண்டு, "முருகா, முருகா" என்று நிதானமாக எண்ணுவார். மடுவத்திலிருந்து முதல் வளைவு பதினேழு முருகா. அங்கிருந்து மதகுக்கு ஒன்பது. மதகு தாண்டி இருபத்தெட்டில் இடது பக்கம் ஒடிக்க வேண்டும். அப்படி ஓட்டிய இருபது வருடத்தில் ஒரு மூட்டைக் கொழுந்துகூட பள்ளத்தில் விழுந்ததில்லை.

அவர் விமானம் ஓட்டக் கற்றது இரண்டாயிரத்து ஐந்தில், அட்டனில், பஸ் தரிப்பிடத்துக்கு மேலே படியேறிப் போகிற ஒரு கொம்யூனிகேஷன் கடையில்.

கடைக்காரர் பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்து மனிதர். முப்பது வருடம் மலைநாட்டில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் புருசனும் பெண்சாதியும் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கொழும்பில் வேலை பார்க்கும் மகள் ஜெயந்தினியோடு போனில் பேச அந்தக் கடைக்குத்தான் வருவார்கள். ஒரு ஞாயிறு, லண்டனிலிருந்து லீவில் வந்திருந்த மாஸ்டரின் மகன் றமணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கையில் கியர்க் கம்பி மாதிரி ஒரு கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். திரை முழுக்க வெள்ளை.

நல்லமுத்து பின்னால் நின்று பார்த்தார். "தம்பி, இது எந்த ரோட்டுப் பனிங்க?"

றமணன் சிரித்தான். "பனியில்லை அண்ணை, மேகம். பிளேன் ஓட்டுறன். வாங்கோ, இருந்து பாருங்கோ."

உட்கார்ந்தவர் ஏழு தரம் மலையில் மோதினார். எட்டாவது தரம் மோதவில்லை. அன்றைக்கு மகளோடு பேச மறந்துபோனார்கள்.

றமணன் திரும்பிப் போகும்போது அந்தக் கம்பியைக் கடையிலேயே விட்டுப் போனான். தான் இருந்த படையில் நல்லமுத்துவையும் சேர்த்துவிட்டான். படை என்றால் உலகத்தின் பல மூலைகளில் வீட்டில் இருந்தபடியே ஒரே ஆகாயத்தில் பறக்கிற பதினாறு பேர். கொக்குப் படை என்று பெயர். தலைவர் டேவிட் என்ற ஸ்கொட்லாந்துக் கிழவர், ஓய்வு பெற்ற தபால்காரர். அறுபது வருடத்துக்கு முந்திய பெரிய யுத்தத்தில் எந்தப் படை எங்கே பறந்தது, எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார். பிறகு அதே பயணத்தை இவர்கள் பறப்பார்கள். எதிரியாகப் பறப்பது இன்னொரு குழு. அங்கெல்லாம் காலையாக இருக்கும்போது இங்கே ஞாயிறு பின்னேரம்.

அழகம்மா பிரசாதத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஒரு பயம் இருந்தது.

"ஏங்க, அந்தப் பிளேனுக்குள்ள ஆளு இருக்கா?"

"இருக்கு. அவன் வீட்டுல நாற்காலியில ஒக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கான்."

"நீங்க சுட்டா?"

"டீயக் கீழ வச்சிட்டு என்னையத் திட்டுவான்."

"அது சரி, சண்டைக்குப் போறப்ப சாமி பேரச் சொல்லி எண்ணுறீங்களே, பாவமில்லையா?"

"அவரே வேலப் புடிச்சிக்கிட்டு நிக்கிறவருதானே புள்ள."

அவள் சிரித்துவிட்டாள். ஆனாலும் அடுத்த ஞாயிறு முதல் கோயிலில் அந்த எதிரிக் குழுவுக்கும் சேர்த்தே கும்பிட்டாள்.

சுடுவதில் நல்லமுத்துக்குக் கை வரவில்லை. ஒரு வருடத்தில் இரண்டே விமானம் விழுத்தினார். அவர் பெயர் எடுத்தது வீடு திரும்புவதில். மேகம் மூடிவிட்டால் மற்றவர்கள் திசை தெரியாமல் சிதறிப் போவார்கள். நல்லமுத்து கொப்பியில் பென்சிலால் கீறிய கோட்டைப் பார்த்து, வேகத்தை ஒரே அளவில் பிடித்து, எண்ணத் தொடங்குவார். சொன்ன இடத்தில் மேகம் விலகினால் கீழே ஓடுபாதை இருக்கும். காதில் மாட்டிய கருவியில் அவர் எண்ணுவது எல்லோருக்கும் கேட்கும். அவர்கள் பேசுவது கடையின் ஒலிபெருக்கியிலும் கேட்கும். முதலில் என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள். மாஸ்டர் விளக்கினார். பிறகு அந்த வெள்ளைக்காரர்களே, "முத்து, இன்னும் எத்தனை முருகா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இவர், "ஃபோர்ட்டி முருகா, கம், கம், ஸ்லோ" என்பார். தோட்டத்துத் துரைமாரிடம் கேட்டுப் பழகிய ஆங்கிலம் அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

தோட்டத்தில் அவரை 'டிரைவர்' என்பார்கள். சின்னத்துரைமார் 'ஏய்' என்பார்கள். படையிலோ, படித்த மனிதர்கள் பதினைந்து பேர் அவர் வாயிலிருந்து வரும் ஒரு எண்ணுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அழகம்மா அதைக் கண்ணால் பார்த்தாள்.

இரண்டாயிரத்து ஏழு மாசியில் எட்டு ஞாயிறுக்கு ஒரு பெரிய போர் வைத்தார்கள். விதி கடுமை. ஒருவருக்கு ஒரே உயிர். விழுந்தவன் எட்டு ஞாயிறும் முடியும் வரை பறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொரு விதி, எதிரிக்கு உதவி செய்தவன் பெயர் படையிலிருந்து வெட்டப்படும்.

எதிரிக் குழுவில் மஞ்சள் மூக்கு விமானக்காரன் ஒருவன் இருந்தான். ஆறாம் ஞாயிறு ஒரே நாளில் கொக்குப் படையில் மூன்று பேரை விழுத்தினான்.

ஏழாம் ஞாயிறு. குண்டு விமானங்களுக்குத் துணையாகக் கடலைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். போனார்கள். திரும்பும் வழியில் கரையோரத்து மலைகளுக்கு மேல் மேகம் கட்டிக்கொண்டது. நல்லமுத்து முன்னால், மிச்சம் எட்டுப் பேர் பின்னால். உள்ளே நுழைந்ததும் அவர் கை தானாகப் பின்விளக்கைப் போட்டது. யுத்த விமானம் விளக்குப் போடக் கூடாது என்று டேவிட் எத்தனையோ தரம் கண்டித்திருந்தார். இருபது வருடம் பனியில் லொறி ஓட்டிய கை அதைக் கேட்கவில்லை.

"முருகா, முருகா..."

அழகம்மா திரையின் மேலே, பின்பக்கத்தைக் காட்டும் சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள். நிரைக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பழகிய கண்.

"என்னாங்க, பின்னால ஒன்னு கூடுதலா வருதே?"

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். கடைசியில் ஒரு விமானம் மெல்லிய புகை விட்டபடி தள்ளாடி வந்தது. மூக்கு மஞ்சள்.

"ஐயோ, உது அவன்ரை! நல்லமுத்து, லைற்றை நூரும்! அவன் உம்மடை லைற்றைப் பிடிச்சுக்கொண்டு வாறான். நூத்தீரெண்டால் மலையிலை அடிபட்டுப் போவான்!"

நல்லமுத்துவும் பார்த்துவிட்டார். அவர் விரல் விளக்குப் பொத்தானுக்குப் பக்கத்தில் போயிற்று. போன இடத்திலேயே நின்றது.

"மாஸ்டர், கொஞ்சம் பேசாம இருங்க. எண்ணிக்கை தப்பிரும்."

அறுபது. ஐம்பது. நாற்பது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கடைசி முருகாவில் மேகம் கிழிந்தது. கீழே கடலும் ஓடுபாதையும். மஞ்சள் மூக்கு கொஞ்சம் முன்னால் வந்து, இறக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருதரம் ஆட்டிவிட்டு, கடல் பக்கம் திரும்பிப் போனான். பின்னால் வந்தவர்களில் ஒருவன் துரத்தினான். ஆனால் துரத்தியவனுக்குக் குண்டு தீர்ந்துபோயிருந்தது.

எட்டுப் பேரும் பத்திரமாக இறங்கினார்கள். இறங்கியதும் சத்தம் தொடங்கியது. ஆங்கிலம் தெரியாத அழகம்மாவுக்கே அது கோபம் என்று தெரிந்தது. கையில் அகப்பட்டவனை விட்டுவிட்டாயே, வழியும் காட்டி அனுப்பினாயே என்று கேட்டார்கள். டேவிட் மட்டும் சத்தம் போடவில்லை. அடுத்த ஞாயிறு பறப்பதற்கு முந்தி எல்லோரும் கூடுவோம், முத்து தன் பக்கத்தைச் சொல்லட்டும், பிறகு ஒவ்வொருவரும் எழுதுங்கள், பாதிக்கு மேல் போ என்றால் அவர் பெயர் வெட்டப்படும் என்றார். மாஸ்டர் அதைத் தமிழில் சொன்னபோது குரல் இறங்கிப் போயிருந்தது.

அந்த வாரம் முழுக்க நல்லமுத்து சோற்றைப் பிசைந்துவிட்டுப் பாதியில் எழுந்தார். லொறியை எடுத்தார், கொழுந்தை ஏற்றினார், இறக்கினார். நிரையில் பேச்சியம்மா விடவில்லை.

"என்னடி, ஒன் வீட்டுக்காரர் பிளேனு சீசன் முடிஞ்சிருச்சா? மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறாரு?"

"சும்மா இரு பேச்சி."

"இல்லடி, வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். என்னா நடந்துச்சு?"

அழகம்மா சொன்னாள். பேச்சியம்மா பறித்த கொழுந்தைக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "அதுக்கா பேர வெட்டுவானுங்க? போடி, அவனுங்களுக்கு ரோடே தெரியல" என்றாள்.

எட்டாம் ஞாயிறு அழகம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். பேர் நிலைக்க வேண்டும் என்று கேட்க வந்தவள், கடைசியில் அவர் மனம் உடையக் கூடாது என்று மட்டும் கேட்டாள்.

கடையில் பதினைந்து பெயரும் திரையில் வரிசையாக நின்றன. டேவிட் ஏதோ கேட்டார். மாஸ்டர் திரும்பினார்.

"ஏன் லைற்றை நூக்கேல்லை எண்டு கேக்கினம். பயப்பிடாமல் சொல்லும். நான் ஒரு சொல்லும் கூட்டிக் குறைக்காமல் சொல்லுறன்."

நல்லமுத்து மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார்.

"வெளக்கப் போட்டது என் தப்புங்க மாஸ்டர். அது கை செஞ்ச தப்பு. அதுக்கு என்ன தண்டனைன்னாலும் சரிதான். ஆனா அணைக்காம விட்டது தப்பில்ல. அத நான் தெரிஞ்சுதான் செஞ்சேன். எங்க ரோட்டுல பனி எறங்கிருச்சுன்னா முன்னால போற வண்டியோட பின்வெளக்கப் பாத்துதான் பின்னால வர்றவன் வருவான். கினிகத்தேனைக்குப் போனாலும் சரி, நோட்டன் பிரிட்ஜுக்குப் போனாலும் சரி, அதான் வழக்கம். முன்னால போறவன் வேகமும் எடுக்கக் கூடாது, வெளக்கையும் அணைக்கக் கூடாது. வெட்டவெளி வர்ற வரைக்கும் அவனக் கூட்டிக்கிட்டுப் போகணும். பின்னால வர்றது யாரு வண்டின்னு பாத்து வெளக்க அணைக்கிற பழக்கம் எங்ககிட்ட இல்லைங்க. வெளில வந்த பெறகு அவன் எதிரிதான். சுடுங்க, நான் வேணாம்னு சொல்லல. பனிக்குள்ள அவன் எனக்குப் பின்னால வர்ற வண்டி."

மாஸ்டர் ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். கடைசி வசனத்தை இரண்டு தரம் சொன்னார். பிறகு எழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் விழத் தொடங்கியது. மாஸ்டர் விரல் வைத்து வாசித்தார்.

"இருக்கட்டும். இருக்கட்டும். போகட்டும். இருக்கட்டும்..."

அழகம்மா தன் விரல்களை மடக்கிக்கொண்டே வந்தாள். பத்துப் பேர் இருக்கட்டும் என்றார்கள். ஐந்து பேர் போகட்டும் என்றார்கள். அந்த ஐந்தில் ஒருவன், போன ஞாயிறு இவர் விளக்கைப் பிடித்துக்கொண்டே வீடு வந்தவன். மாஸ்டருக்கு ஆத்திரம் வந்தது.

"பாத்தீரே அவன்ரை குணத்தை?"

"விடுங்க மாஸ்டர். அவனுக்குச் சரின்னு பட்டத மறைக்காம சொன்னான்ல."

டேவிட் தீர்ப்புச் சொன்னார். பெயர் இருக்கும். ஆனால் விளக்குப் போட்ட குற்றத்துக்கு இந்தக் கடைசி ஞாயிறு முத்து பறக்கக் கூடாது. நல்லமுத்து, "ஞாயம்தான்" என்று கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். போகலாமா என்று அழகம்மா எழுந்தாள். அவர் காதுக் கருவியைக் கழற்றவில்லை. கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டபடி இருந்தார்.

எட்டுப் பேர் போனார்கள். மஞ்சள் மூக்கு அன்றைக்கும் வந்தான், ஒருவனை விழுத்தினான். விழுந்தவன், இருக்கட்டும் என்று எழுதிய பத்துப் பேரில் ஒருவன். நல்லமுத்துவின் முகம் சுருங்கியது. உடனே அவன் எழுதியதை மாஸ்டர் வாசித்துக் காட்டினார். "வெட்டவெளியில்தான் சுட்டான், முத்து. கணக்கு நேர்."

மிச்சம் ஏழு பேர் திரும்பும்போது கரையில் மீண்டும் மேகம். குரல்கள் ஒன்றோடொன்று மோதின. அப்போது டேவிட்டின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாக வந்தது. மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லமுத்து! பறக்கத்தானே கூடாது எண்டனான், எண்ணக் கூடாது எண்டு சொல்லேல்லையே எண்டு கேக்கிறார். எண்ணட்டாம்!"

அவர் கொப்பிக் கோட்டில் விரலை வைத்தார். கலங்கரை விளக்கத்தைத் தாண்டும்போது சொல்லச் சொன்னார். வேகம் இவ்வளவு, திசை இவ்வளவு என்றார். தாண்டினோம் என்றார்கள். அட்டன் பஸ் தரிப்பிடத்துக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, கடலுக்கு அப்பால் ஏழு பேருக்கு நல்லமுத்து எண்ணினார். பாதியிலிருந்து அவர்களும் கூடச் சேர்ந்து எண்ணினார்கள். ஏழு வெள்ளைக்கார வாய் ஒன்றாக முருகா, முருகா என்று சொல்வதைக் கேட்டு அழகம்மா வாங்கிலிருந்து எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடையில் போட்டோகொப்பி எடுக்க வந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

ஏழு பேரும் இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு படையின் விதிப் புத்தகத்தில் ஒரு வரி கூடியது. மேகத்துக்குள் பின்னால் வருகிறவனை யாரும் சுடக் கூடாது, வெளியே வந்த பிறகுதான் சண்டை. எதிரிக் குழுவும் அதை ஒத்துக்கொண்டது. வழி நடத்துகிற இடத்தை நல்லமுத்துக்கே கொடுத்தார்கள். மழையில் பஸ் பிந்தி இவர்கள் கடைக்கு வரத் தாமதமான நாட்களில், டேவிட் மற்றவர்களை ஓடுபாதையிலேயே நிறுத்தி வைத்திருப்பார்.

நாட்டில் யுத்தம் நடந்த அந்த வருடங்கள் நல்லதாக இருக்கவில்லை. ஒருநாள் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பையைக் கிளறிய பொலிஸ்காரர் கொப்பியைப் பிரித்தார். கோடும் திசையும் விமானப் படமும். தமிழன் பையில் அப்படிக் காகிதம் இருக்கக் கூடாத காலம் அது. நல்லமுத்து சிங்களத்தில் பணிவாக, இது கம்ப்யூட்டர் விளையாட்டு என்றார். இரண்டு மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள். மாஸ்டர் வந்து பேசிய பிறகுதான் விட்டார்கள். அதற்குப் பின் கொப்பி கடையைவிட்டு வெளியே போகவில்லை. நல்லமுத்துவும் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

இன்றைக்கும் அழகம்மா சொல்லுவாள், எங்க வீட்டுக்காரர் எத்தனை பிளேன் விழுத்தினாருன்னு கேக்காதீங்க, எத்தனை பேரக் கூட்டிக்கிட்டு வந்தாருன்னு கேளுங்க என்று. மாஸ்டர் அதைக் கணக்குப் பார்த்து வைத்திருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு. பேச்சியம்மா அந்த எண்ணைத் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள், தன் சொந்தத் தம்பி செய்தது மாதிரி.

இரண்டாயிரத்து ஒன்பது ஐப்பசியில், ஒரு சனிக்கிழமை காலை, நல்லமுத்து லொறியை ஸ்டோர் முற்றத்தில் ஒழுங்காக நிறுத்தி, கைபிரேக்கையும் இழுத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து வேனில் ஏற்றிக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அழகம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கந்தசஷ்டி கவசத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் தள்ளுகட்டிலில் படுக்க வைத்து உள்ளே கொண்டு போகும்போது, இதற்கு மேல் வர முடியாது என்று தாதி அவளைத் தடுத்தாள். நல்லமுத்து கையைத் தூக்கிக் கட்டிலை நிறுத்தச் சொன்னார். அழகம்மா குனிந்தாள். அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது இதுதான்.

"நாளைக்கு நான் வரலேன்னு மாஸ்டர்கிட்டச் சொல்லிரு புள்ள. எனக்காக அவங்க காத்துக்கிட்டு நிக்க வேணாம், நேரத்துக்குப் பொறப்படச் சொல்லு."